எழுத்து ஏறிக்கொண்டே போன இயந்திரம்

நேற்று அட்டையில் அவள் தன் கையால் எழுதியது ‘சி’. இன்று தகட்டில் இருந்தது ‘எஃப்’.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழைய தூசி உறிஞ்சி இயந்திரங்களுக்கு வயது சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஏலக் கடையிலிருந்து வேனில் வந்து இறங்கும். அடியில் அறைந்த தகட்டில் வரிசை எண் இருக்கும். அதன் முதல் எழுத்து ஆண்டைச் சொல்லும். எழுத்து ஏற ஏற வயது இறங்கும். தேய்ந்துபோன தகட்டில் சாக்பீஸைத் தேய்த்து ஊதினால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கிப் படிக்க வரும். சியையும் எஃப்பையும் குழப்பிக்கொள்ள அவள் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை.

“தூசியம்மா, இது ரொம்பக் கிழடு. பாத்து ஓட்டுங்க, மண்டையப் போட்டுடப் போகுது” என்று நேற்று வேன் டிரைவர் கிண்டல் செய்துவிட்டுத்தான் இதை இறக்கினார்.

“நான் மட்டும் என்ன குமரியா? துணைக்கு இருக்கட்டும், வச்சுட்டுப் போப்பா” என்றாள்.

கணவர் போன பிறகு அந்த வீட்டுக்குள் வருவது இயந்திரங்கள் மட்டும்தான். ஊரார் வீட்டுத் தூசியையெல்லாம் தட்டித் துடைப்பவள், தன் கூடத்தில் ஒரு மூலையை மட்டும் பெருக்குவதே இல்லை. அங்கே அவருடைய பிரம்பு நாற்காலி. சாய்மானத்தில் முகத்தைப் புதைத்தால் தைல வாசனையும் சவர சோப்பு வாசனையும் இன்னும் வரும். பொழுது சாயும் நேரத்தில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி பிரம்பு ஒருமுறை முனகும். அவளுக்கு அது போதும். அதை விட்டுப் போக மனமில்லாமல்தான், மகன் எத்தனை முறை கூப்பிட்டும் போகாமல் இருக்கிறாள்.

தகட்டை மட்டும் நம்பி வயது எழுதக்கூடாது என்பது அவள் வழக்கம். தகட்டை யாரும் மாற்றிவிடலாம்; மோட்டார் பொய் சொல்லாது. ஓடவிட்டுச் சத்தம் கேட்பாள். நேற்று கூடத்தில் ஓட்டியபோது அது சளி கட்டிய கிழவன்போல இழுத்து இழுத்துத்தான் ஓடியது. குழாயின் வாய் ஒரு நொடி நாற்காலிப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

இப்போது ஏனோ எழுந்துபோய் நாற்காலியை முகர்ந்தாள். தைலம் இருந்தது. சோப்பு இல்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. ஈரத்தில் வாசனை அமுங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது தொழில் பழக்கம். நாற்காலியிலிருந்து எட்ட, சமையலறை வாசலுக்கு இழுத்துப்போய்ச் சுவிட்சைப் போட்டாள். இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. அணைத்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்தாள். விளிம்பில் இருந்த துரு எங்கே? சாக்பீஸே தேவைப்படவில்லை. பளிச்சென்று ‘எம்’.

நாற்காலிக்கு ஓடினாள். வெறும் பிரம்பு நாற்றம்.

மகனுக்குப் போன் போட்டாள். “நாற்காலில அப்பா வாசனை போயிடுச்சுடா.”

“எத்தனை நாளைக்கும்மா இருக்கும்? நீ தனியா கிடந்தது போதும், இங்க வந்துடு.”

போனை வைத்துவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, இயந்திரத்தை வாசலுக்கு இழுத்தாள். மழையில் கிடந்து நாசமாகப் போகட்டும். பாதி கூடம் தாண்டியிருப்பாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிரம்பு முனகியது.

அப்பாடா என்று திரும்பினாள். நாற்காலி அசையவில்லை. மறுபடி முனகல். அவள் காலடியில். இயந்திரத்தின் துணிப் பைக்குள்.

பிறகு ஒரு இருமல்.

அவர் இருமல்.

உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. பையில் காதை வைத்தாள். வெதுவெதுப்பு. உள்ளே மூச்சு.

“ஏய்… நீயா?” என்றார் அவர். “ஒரே இருட்டா இருக்கு.”

“நான்தாங்க. நான்தான்.”

“பக்கத்துல யாரோ இருக்காங்க.”

பையின் கொக்கியைக் கழற்றினாள். சாம்பல் நிறத் தூசி மெத்தென்று ததும்பியது. பிளக் தரையில் கிடந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

“இருங்க, வெளிய எடுத்துடறேன்.”

கையை விட்டாள். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. பை அவ்வளவு ஆழம் இல்லை. துழாவினாள்.

விரல்கள் பட்டன. பிடித்துக்கொண்டாள்.

அவருடையது இல்லை. சின்னது. குழந்தை விரல். விடவில்லை. இன்னொரு கை. வளையல் போட்டது. இன்னொன்று. நகமில்லாதது. தோள் வரை உள்ளே போய்விட்டாள். கன்னத்தில் தூசி. எல்லாக் கைகளும் இழுத்தன.

ஒன்று மட்டும் இழுக்கவில்லை. வளைந்த சுண்டுவிரல், உள்ளங்கையில் பழைய தழும்பு. இத்தனை வருஷம் பிடித்துத் தூங்கிய கை, அவளுக்குத் தெரியாதா?

அந்தக் கை அவள் நெஞ்சில் ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.