சொல்லிக்கொள்ளாமல்

என் கணவர் தயாநிதி இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவிய ஹோட்டலை, அவர் இறந்த ஒன்பதாம் நாள்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணி. ஏரியின் மேல் மூடுபனி கிடந்தது. கூரையிலிருந்த கசினோ பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துகள் விழுந்துபோயிருந்தன.

"இதுதானோ அப்பான்ர அரண்மனை?" என்றாள் மகள் ரிஷானி.

"முந்திப் பெரிய ஆக்கள் வந்து சூதாடின இடம், பிள்ளை. இப்ப எலியள்தான் விளையாடுது," என்றார் அவரோடு ஹோட்டல் சமையல் குசினியில் வேலைசெய்த இராஜேந்திரன் அண்ணை.

அடுத்த மாதம் ஹோட்டலை மூடுகிறார்கள். அவருடைய அலுமாரியைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

நிலக்கீழ்த் தளத்தில் ஈரக் கம்பளமும் பழைய எண்ணெயும் மணத்தன. சாமான் ஏற்றும் லிஃப்டைக் கடக்கும்போது அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்குள்ளதான் அவர் செத்துக் கிடந்தவர். அண்டைக்கே கரண்டை நிப்பாட்டிப்போட்டினம்."

அலுமாரிக்குள் ஓர் ஏப்ரன், சப்பாத்து, ரிஷானியின் பள்ளிக்கூடப் படம். எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

மரணம் நடந்த இடத்திலிருந்து புறப்படும்போது நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். இந்த வெளிநாட்டிலேயே பிறந்த ரிஷானிக்கு அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எங்கிருந்து புறப்பட்டாலும் "போறன்" என்று சொல்லக்கூடாது, "வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்பதை மட்டும் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தேன்.

அவள் லிஃப்ட் கதவில் கையை வைத்தாள்.

"அப்பா, வாறன்."

மேலே எங்கோ கம்பிவடம் முனகியது.

"ஐயோ, என்ன பிள்ளை சொன்னனீ?" அண்ணை கிசுகிசுத்தார்.

கரண்ட் இல்லாத லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கி வந்தது.

மணி ஒருமுறை அடித்தது.

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. இத்தனை வருடமும் அவர் கைகளில் மணத்த எலுமிச்சைச் சோப்பு வாசம் மட்டும்.

ரிஷானியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ரயிலில் அவள் தகப்பனின் ஏப்ரனை மடியில் வைத்திருந்தாள்.

ஹோட்டலை மூடிய மறுநாள் காலை, பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று "அம்மா, வாறன்" என்றாள்.

மூன்று நாள் கழித்து, பூட்டிக் கிடந்த ஹோட்டலின் லிஃப்டுக்குள் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். எந்தப் பூட்டும் உடைந்திருக்கவில்லை. தகப்பனின் ஏப்ரனைக் கட்டியிருந்தாள்.

அவளுடைய பையை வாங்க அங்கே போனபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தேன்.

ஆனால் அவள் எனக்கு "வாறன்" என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்.

ஷ்லீரன் நகரில், மூன்றாம் மாடி வீட்டில், தனியே இருக்கிறேன். தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு என் கதவுக்கு வெளியே மணி ஒருமுறை அடிக்கிறது. எலுமிச்சைச் சோப்பு மணக்கிறது.

இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.