காலை எடுத்தால் காலி

போன் அடித்தது.

செத்துப்போனவனின் பையில்!

இன்ஸ்பெக்டர் குனிந்து அதை எடுத்தார். திரையில் 'மாமனார்' என்று மின்னியது. நிமிர்ந்தார். மாமனார் பத்தடி தள்ளி, காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கேக்குது. சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்... அவன் போன் எங்க விழுந்திருக்கும்னு..."

"கிடைச்சிருச்சு. வச்சிடுங்க."

வைத்துவிட்டார்.

நானூறு மீட்டர் நேர் ரோடு, அதற்கப்புறம் வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் தூரம். வளைவு கிடையாது. மேடு கிடையாது. ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு கான்கிரீட் சுவர். கிளம்பும் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டுக்குப் போவதுதான் மொத்தப் பந்தயமும். குடிகாரன்கூட வழி தவற முடியாத ரோடு.

அதில்தான் காலை பத்து மணிக்கு, முடிவுக் கோட்டைத் தாண்டி அறுபது மீட்டரில், ஒரு மஞ்சள் கார் இடது சுவருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது... சூடு இன்னும் ஆறவில்லை.

ஓட்டியவன் முதலாளியின் மருமகன். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் மாப்பிள்ளை. முதலாளிக்கு மட்டும் 'அவன்'.

கிளம்புகிற முனையில் ஒரு தகர போர்டு. 'இந்த ரோட்டின் மிக வேகமான ஓட்டம்: 11.42 விநாடி.' கீழே முதலாளியின் பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரை யாரும் அசைக்கவில்லை. துருகூட மரியாதையாக ஓரத்தில்தான் பிடித்திருந்தது!

அதை இன்று உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளை வண்டியில் ஏறினான்.

உடைந்தது வேறு.

முதலாளி அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுத்தார். வண்டியின் பின்பக்க வேலை முழுக்க நேற்று மெக்கானிக் வாலு செய்தது. நல்ல பொண்ணுதான். வீட்டுக் கவலையில் ஏதோ கைதவறிச் செய்திருப்பாள். பாதி ரோட்டிலேயே வண்டி கையை விட்டுப் போய்விட்டது, பாவம் பையன், சறுக்கிக்கொண்டேதான் கோட்டைத் தாண்டினான்.

"அவளை ரொம்ப அடிச்சிராதீங்க சார்," என்று முடித்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த நிமிஷம் வரை அடிக்கிற யோசனையே இல்லை.

வாலு வந்தாள். நாற்பது வயசு. கார்களின் பின் சஸ்பென்ஷன்தான் அவள் வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ரெண்டு விரல் நகம் எப்போதும் கறுப்பு. சுத்தியல் போட்டுவிட்ட நெயில் பாலிஷ்.

பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்ற மஞ்சள் காரின் பின்னால் இருவரும் குந்தினார்கள்.

"இந்த நட்டு மேல சிவப்புக் கோடு. யாருது?"

"என்னோட கலர் சார்."

"அப்ப கேஸும் உன்னோடது."

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். நட்டை முறுக்கி முடித்ததும் நட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆளுக்கு ஒரு கலர். பாட்டில்கள் எல்லாம் சுவர் ஆணியில் ஒரே வரிசையில் தொங்கும். எவன் வேண்டுமானாலும் எடுக்கலாம்... எடுத்திருக்கிறான்!

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் மூன்று மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றார்.

"நாலு மணிக்கு என் பொண்ணு ஸ்கூல் விட்டு வருவா. வீட்டுச் சாவி என் பையில இருக்கு," என்றாள் வாலு. "ஒரு ஸ்பேனர் தரச் சொல்லுங்க சார். அரை மணி நேரம் போதும்."

போல்ட்டைக் கழற்றினாள். பின் அச்சை வண்டியோடு இணைக்கும் வலது பக்க இரும்புக் கையின் முனையிலிருந்து ஒரு ரப்பர் புஷ்ஷை, தடித்த வளையம் மாதிரி ஒன்றைத் தட்டி எடுத்தாள். இடது பக்கத்திலிருந்தும் ஒன்று. ரெண்டும் கறுப்பு. ரெண்டும் ஒரே அளவு.

"எஞ்சின்ல ஐநூறு குதிரை சக்தி இருக்குன்னு வைங்க. அது எப்படி சார் வண்டியைத் தள்ளுது?"

"சக்கரம் சுத்தும். வண்டி ஓடும். இதென்ன கேள்வி?"

"சக்கரம் தரையை உதைக்கும். அப்ப பின் அச்சு முன்னாடி வரப் பாக்கும். அச்சு இந்த ரெண்டு கையையும் தள்ளும். கைங்க வண்டியைத் தள்ளும். அந்த ஐநூறு குதிரையும் இந்த ரெண்டு ரப்பர் வழியாத்தான் சார் வந்தாகணும். இடதை அமுக்குங்க."

கல்.

"வலதை அமுக்குங்க."

கட்டைவிரல் உள்ளே போனது!

"இது குடும்பம் நடத்துற காருக்குப் போடற ரப்பர். மெத்தை. சும்மா ஓட்டினா ஒண்ணும் தெரியாது. முழுசா மிதிச்சாத்தான் வலது பக்கம் அமுங்கும். அந்தப் பக்கத்துச் சக்கரம் முன்னாடி நகரும். அச்சு கோணலாகும். ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி வலது பக்கம் திரும்பும்."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். "இடிச்சது இடது சுவர்ல. கதை திரும்பி நிக்குதேம்மா."

"அதுக்கு பதில் எனக்குத் தெரியும். இதை மாட்டினவனுக்குத் தெரியாது. அதை வச்சுத்தான் அவனைப் பிடிக்கணும்."

"நீயே மாட்டலைன்னு நான் எப்படி நம்பறது?"

அவள் ரப்பரைத் திருப்பிக் காட்டினாள். பிழிந்த துணிபோல ஒரு பக்கமாக முறுக்கி, ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. அவள் பழக்கம் வேறு. வண்டியைத் தரையில் நிறுத்தி, ஓட்டுகிறவன் எடைக்கு சீட்டில் மணல் மூட்டை வைத்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்குவாள். இதை மாட்டினவன் வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கியிருக்கிறான். இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் ரப்பருக்குப் பதில் இரும்பு மூட்டு இருந்தது. அதை எப்படி இறுக்கினாலும் கவலையில்லை.

"பத்து வருஷத்துல நான் ஒரு தடவைகூட இந்தத் தப்பைப் பண்ணினதில்ல சார். கொலை பண்றதா இருந்தாலும் ஒழுங்காத்தான் பண்ணியிருப்பேன்."

இன்ஸ்பெக்டருக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. கோர்ட்டுக்குப் பிடிக்காது என்பதும் தெரிந்திருந்தது.

ரெண்டு ரப்பரையும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டார்.

ஒர்க்‌ஷாப் சாவி மூன்று பேரிடம் இருந்தது. வாலு. முதலாளி. முதலாளியின் மகன், அதாவது மாப்பிள்ளையின் மச்சான். எஞ்சின் மட்டும்தான் அவன் உலகம். இன்று வண்டியை ஓட்ட வேண்டியவன் தான்தான் என்று ஒரு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

"மச்சான்தான். முகத்துலயே எழுதியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்கு வண்டிக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது சார்."

"தெரியாத மாதிரி நடிக்கலாம்ல?"

"அப்ப ஓட்டிப் பாத்துருவோம்."

மணி ரெண்டு.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னொரு கார் வந்தது. நீலம். மஞ்சளோடு ஒன்றாகச் செய்தது. எல்லாம் அதே அளவு. வாலு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள். செத்த வண்டியின் பின்பக்கச் சாமான் ஒன்றைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறாளாம். முழுசா மிதித்துப் பார்க்கப் போகிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

எந்தச் சாமான் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்றும் சொல்லவில்லை!

முதலில் மச்சான் ஏறினான். ஏறியதும் இடது சுவரைப் பார்த்தான்.

"அக்கா, வலது ஓரமா போங்க. அந்தச் சுவர் பக்கமே வேணாம்."

போனார்கள். கார் நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பி வந்தது. மச்சான் இறங்கி, டயர் அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வந்தான்.

"என்ன கவனிச்சே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மூணாவது கியர்ல எஞ்சின் லேசா இருமுது சார்."

இன்ஸ்பெக்டர் மனசுக்குள் ஒரு பெயரை அடித்தார்.

"அடுத்து நீங்க, ஐயா."

முதலாளி முதுகு வலி என்றார். ரத்தக் கொதிப்பு என்றார். கண்ணில் புரை என்றார். ஒரு மனுஷனுக்கு இத்தனை நோய் இருக்க முடியுமென்றால் போர்டில் அந்தப் பெயர் அதிசயம்தான்!

"உங்க வண்டி. உங்க ரோடு. போர்டுல உங்க பேரு. உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் தேன். கை மட்டும் கதவைத் திறந்து பிடித்திருந்தது.

முதலாளி உட்கார்ந்தார். பெல்ட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

வாலு எஞ்சினை உறுமவிட்டாள்.

"வாலு... இடது ஓரத்துக்குப் போ."

"மாப்பிள்ளை செத்த சுவர் ஐயா அது."

"சொன்னதைச் செய். இடது ஓரமாவே போ. வலது பக்கம் இடம் இருக்கட்டும்."

அவள் மிதித்தாள்!

பின் டயர்கள் அலறின... புகை... நீலக் கார் பாய்ந்தது... இருபது மீட்டர் போயிருக்காது. முதலாளியின் கை குறுக்கே நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் வெட்டி இழுத்தது!

கிறீச்...

வாலு பிரேக்கில் ஏறி நின்றாள். இடது சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கை அகலம்.

"வலது பக்கம் இழுக்கும், முண்டம்!" என்று கத்தினார்.

சத்தம் அடங்கியது.

இன்ஸ்பெக்டர் அவசரமில்லாமல் நடந்து வந்தார். ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"இடிச்ச சுவர் இடது பக்கம். அந்தப் பையன் செத்தது இடது பக்கம். உங்க மகனே இடதைப் பாத்துத்தான் நடுங்கினான். வலது பக்கம் இழுக்கும்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது?"

கைக்குட்டையைப் பிரித்தார். ரெண்டு ரப்பர்.

"செத்த வண்டிச் சாமான் காலையிலேர்ந்து என் பையிலதான் இருக்கு. நீங்க உக்காந்திருக்கிறது நல்ல வண்டி."

முதலாளி ரப்பரைப் பார்த்தார். முகத்திலிருந்து மெதுவாகக் காற்று இறங்கியது, ஆணி ஏறின டயர் மாதிரி.

"கொல்லணும்னு நினைக்கல. மிதிச்சா வலது பக்கம் இழுக்கும். பயப்படுவான். பயந்து காலை எடுத்துருவான். அவ்ளோதான். என் போர்டு தப்பிச்சிருக்கும்... காலை எடுத்திருந்தா உயிரோட இருந்திருப்பான் சார்."

வாலு ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எடுத்தாரு ஐயா. அதான் செத்தாரு."

முதலாளிக்குப் புரியவில்லை.

அவள் ரோட்டைக் காட்டினாள். பின் டயர்களின் கறுப்புத் தடம் கிளம்பின இடத்திலிருந்து விடாமல் போயிருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி, அதற்கப்புறம்தான் மறைந்திருந்தது.

"வண்டி வலது பக்கம் இழுத்திருக்கு. அவரு ஸ்டியரிங்கை இடது பக்கம் பிடிச்சே முழுத் தூரமும் ஓட்டியிருக்காரு. தடம் எங்கயும் விடல, அதாவது காலை எடுக்கல. கோட்டைத் தாண்டினதும் எடுத்தாரு. அமுங்கின ரப்பர் சட்டுனு பழைய இடத்துக்கு வந்துருச்சு. அச்சு நேராயிருச்சு. ஸ்டியரிங் மட்டும் இடது பக்கமே இருந்துச்சு. உங்க காலத்துல இரும்பு மூட்டு ஐயா. இரும்பு அமுங்காது. ரப்பர் அமுங்கும். அமுங்கினது திரும்பியும் வரும்."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை. அவர் வாயிலிருந்து வந்த கேள்வி வேறு.

"அப்ப... எத்தனை விநாடி?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

அவருடைய மகள். செத்தவனின் மனைவி. நேரம் குறிக்கிற அறை அவள் பொறுப்பு. காலையில் சத்தம் கேட்டு ஓடினவள், இப்போதுதான் அந்த அறைக்குத் திரும்பப் போயிருந்தாள். மெஷின் அச்சடித்த சீட்டு நாலு மணி நேரமாக அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கிழிக்கவில்லை.

அவள் அழவில்லை. சீட்டை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

11.37.

"படிங்கப்பா," என்றாள். "கண்ணு தெரியலைன்னா நான் படிக்கிறேன்."

அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாலு போர்டு வரைக்கும் நடந்தாள். ஆணியிலிருந்து எடுத்து வந்திருந்த தன் சிவப்பு நெயில் பாலிஷைத் திறந்தாள். முதலாளியின் பெயர் மேல் ஒரே இழுப்பு. எண்ணையும் திருத்தினாள். ஊதிக் காயவைத்தாள்.

மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். வீட்டுச் சாவி அவள் பையிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் முதலாளியைத் தூக்கித் தன் பழைய ஜீப்பில் ஏற்றினார்.

"பின் சீட்ல உக்காருங்க ஐயா. இதுல ரப்பரெல்லாம் என்னைக்கோ போயிருச்சு. இடுப்பு கழண்டுரும், ஸ்டேஷன்ல மாட்டிக்கலாம்."

ஜீப் இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

வாலு ஜன்னலைத் தட்டினாள்.

"மெதுவாப் போங்க சார். காலை மட்டும் சட்டுனு எடுத்துராதீங்க."