கோல் படாத காளை

இப்குஷா பட்ட கடன் பதினொன்றரை ஷெக்கல் வெள்ளி. அதற்கு ஈடாக நரம்தும் என்ற அவன் மகள், கடன் கொடுத்த இத்தினேயாவின் வீட்டில் மூன்று வருடமாக மாவு அரைக்கிறாள். கோயில் பெருமுரசுக்குத் தோல் போர்த்தக் கருங்காளை தேடுகிறார்கள், பன்னிரண்டு ஷெக்கல் தருவார்கள் என்று காதில் விழுந்தது. சந்தையில் அதில் பாதிகூடத் தேறாது. தன் ஒற்றைக் காளையை ஓட்டிக்கொண்டு லார்சா கோயிலின் முரசுக்கொட்டிலுக்கு வந்து சேர்ந்தான்.

கொட்டிலுக்குள் பகலிலும் இருட்டு. புளித்த பீரில் ஊறிய தோலின் வாடை தொண்டை வரை இறங்கியது.

பூசாரி விளக்கோடு காளையைச் சுற்றி வந்தார். "வெள்ளை மயிர் ஒண்ணுமில்ல. கோல் பட்ட மாடா?"

"இல்லீங்க சாமி. பிள்ளை மாதிரி வளர்த்தேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. பெத்த பிள்ளையத்தான் அடகு வைக்கிறீங்க."

இப்குஷா தரையைப் பார்த்தான். போன அறுவடைக்கு முன், நாளெல்லாம் வாய்க்காலில் தூர்வாரிவிட்டு வந்த அலுப்பில், நகர மறுத்த இந்தக் காளையை ஏழு அடி அடித்திருந்தான். முதுகில் விழுந்த தழும்புகளின்மேல், கோயிலுக்குக் கிளம்புமுன் இன்று காலைதான் கீலும் கரியும் குழைத்துப் பூசியிருந்தான்.

பூசாரி ஒரு நாணல் குழாயைக் காளையின் வலக்காதில் வைத்து முணுமுணுவென்று ஓதினார். பிறகு இடக்காதில்.

பிறகு கத்தி.

"இதைச் செஞ்சது தெய்வங்க. நானில்ல" என்று வழக்கப்படி சொல்லிக் கையைக் கழுவினார்.

காளை கடைசிவரை இப்குஷாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள் விடியலில் முரசைச் சோதித்தார்கள். சத்தம் சரியாக வந்தால்தான் வெள்ளி. இப்குஷா ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான்.

முதல் அடி விழுந்தது.

அவன் முதுகில் சுளீரென்றது.

திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

பூசாரி முகம் சுளித்தார். "தொண்டை அடைச்ச மாதிரி இருக்கே. கோல் பட்ட தோல்னா இப்பவே சொல்லிடுப்பா. வேற தோல் போட்டுக்குறேன். உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

சொன்னால் வெள்ளி போகும். காளை ஏற்கெனவே போயிற்று. நரம்தும் அந்த அரைகல்லோடு கிடப்பாள்.

"படல சாமி."

இரண்டு. மூன்று. போர்வைக்குள் ஏதோ ஈரமாக வழிந்தது. மண்கூடை சுமந்தே தேய்ந்த முதுகு, இன்னும் நாலு தாங்காதா என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஏழாவது அடியில் முரசு கணீரென்று தெளிந்தது.

"அப்பாடா, வாய் திறந்துடுச்சு" என்றார் பூசாரி.

உச்சிவேளையில் இத்தினேயா வெள்ளியை நிறுத்துப் பார்த்தான். "பரவால்லையே இப்குஷா, உன் மாட்டுக்குள்ள இவ்வளவு வெள்ளியா? முன்னாடியே அறுத்திருக்கலாம்ல!" சிரித்தபடி கடன் எழுதிய களிமண் பலகையை வாசற்படியில் போட்டு உடைத்தான். நரம்தும் மாவு படிந்த கையோடு வெளியே வந்தாள்.

சாயங்காலம் அவனைக் குப்புறப் படுக்கவைத்து எள்ளெண்ணெய் தடவினாள்.

"யாருப்பா இப்படி அடிச்சது? ஏழு வரி."

"ஏழுதானே? நல்லா எண்ணிப் பாரு."

"ஏழுதான்ப்பா."

"அப்ப தீந்துச்சு."

வலித்தாலும் உடம்பு முழுக்கத் தூக்கம் கனத்தது. கிண்ணத்தைக் கழுவ அவள் வாய்க்காலுக்குப் போனாள்.

அவனது வலக்காதுக்குள் மெல்லிய ஏதோ ஒன்று நுழைந்தது.

நாணல்.

அதன் வழியே வெதுவெதுப்பான மூச்சு வந்தது. அசைபோட்ட புல்லின் வாசம். புரியாத சொற்கள், பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக.

பிறகு நின்றது.

இப்குஷா இடக்காதைப் பாயோடு அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

"அப்பா," தலைமாட்டில் மகளின் குரல் மெல்லக் கேட்டது. "அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கப்பா."

வாய்க்காலில் அவள் கிண்ணம் கழுவும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.