காய்ந்தும் விறைக்காத கைக்குட்டை

ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, பரிபூரணம் அந்த வீட்டு மர அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டு முழுக்க மடித்து வைத்த கைக்குட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூலில் 'ஞா'. தாழம்பூ வாசனை.

"அது பாக்கியத்தோடது. அப்படியே இருக்கட்டும்," என்றார் ஞானதுரை.

மூன்று வருடம் முன்பு இறந்துபோன மூத்த தாரம், ஞானபாக்கியம். தன் சேலைகள் தகரப் பெட்டியில் கிடக்க, செத்தவளுக்கு ஒரு தட்டா? பரிபூரணத்துக்குச் சுருக்கென்றது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒருநாள், வாசல் பெருக்கக் குனிந்தவளின் வலது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சளியில்லை, தெளிந்த தண்ணீர். தொண்டையில் உப்புக் கரித்தது. துடைத்த துணி காய்ந்த பிறகும், சளி பட்டதுபோல விறைக்கவில்லை. ஞானதுரை அதை விரலால் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அவளுக்கும் இப்படித்தான். ஜலதோஷம்னு ஒரு வருசம் விட்டுட்டேன். பொறவு மூளைக்காய்ச்சல். மூணே நாள்."

பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளை நிறுத்திவிட்டு, மறுநாளே அவளை மதுரைக்கு அழைத்துப்போனார். மூளையைச் சுற்றியிருக்கிற நீர், மூக்குக்கு மேலே எலும்பில் விழுந்த ஓட்டை வழியாகக் கசிகிறது, ஸ்கேனில் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கூப்பிட்டாள். "ஞானபாக்கியம்!"

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார். "சீட்டு எழுதும்போது பதட்டத்துல வாயில வந்துட்டு. நீ போ. பொறவு மாத்திக்கிடலாம்."

முதுகில் ஊசி இறங்கியது. உள்ளே விட்ட மருந்து மூளைக்கு ஏறுவதற்காக அவளைக் குப்புறப் போட்டு, தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். ஏசிக் குளிர். டெட்டால் நெடி. அதற்குள்ளிருந்து மெல்லக் கிளம்பியது தாழம்பூ.

பிடரியில் ஈரமாக ஒரு சொட்டு.

"எனக்குத்தானே எழுதிக் குடுத்தாவ," என்றது காதோரம் ஒரு குரல். "நீ ஏன் படுத்திருக்க?"

படத்தில், மருந்து வழிந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஓரத்தில் பெயர்: ஞானபாக்கியம். பரிபூரணத்துக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

"பேரை அடிங்க சிஸ்டர். அவ செத்துட்டா. ஊசி குத்துனது என் முதுகுல."

"என்ன சார், வீட்டம்மா பேரே மறந்துபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் பெயரை அடித்துத் திருத்தினாள்.

தொடையிலிருந்து சவ்வெடுத்து, மூக்கு வழியாகவே ஓட்டையை அடைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பரிபூரணம் குனிந்தாலும் சொட்டில்லை.

அலமாரியின் மேல்தட்டு நனையத் தொடங்கியது.

தினம் ஒரு கைக்குட்டை. காய்ந்தாலும் விறைப்பதில்லை.

ஞானதுரைதான் முதலில் பார்த்தார். "ஏட்டி, உனக்கு இன்னும் வடியுதா? மறைக்கியா?"

"எனக்கில்ல."

"பொறவு யாருக்கு?"

அவர் ஈரக் கைக்குட்டையைப் பிழிந்து ஒரு மருந்துப் பாட்டிலில் பிடித்து, பரிசோதனைக்குக் கொடுத்தார்.

அந்த மதுரை டாக்டர் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். பரிபூரணத்தின் மூக்கில் குழாய்விட்டுப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு. இவங்களுக்கு ஒரு துளி கசிவில்ல." பிறகு பாட்டிலின் பரிசோதனைச் சீட்டைப் பிரித்தார். "ஆனா இது மூளைத் தண்ணிதான். யாரோடது? உடனே கூட்டிட்டு வாங்க. விட்டா காய்ச்சல் வந்துரும்."

பேனாவைத் திறந்தார். "பேரு?"

பரிபூரணம் கணவனின் கையைப் பற்றினாள். "சொல்லாதிய," என்றாள் அடிக்குரலில். "அவ பேரைச் சொல்லாதிய."

கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத ஒரு மலர்ச்சி அவர் முகத்தில். கையை விடுவித்துக்கொண்டார்.

"ஞானபாக்கியம்," என்றார்.

டாக்டர் எழுதினார். மை காய்வதற்குள் பெயரின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

பரிபூரணம் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

உலர்ந்திருந்தது.