பூங்காவில் உங்கள் பெண்

"உங்க பொண்ணு இன்னைக்கு ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டா" என்று எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா லிஃப்டில் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அவள் வழக்கம்போலத் தலையாட்டி வைத்தாள். வீட்டைத் திறந்து, காய்கறிப் பையைச் சமையல் மேடையில் வைத்து, கை கழுவும்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பெண் கிடையாது.

பெண் இருப்பதாகச் சொன்னவன் கணவன். நகரத்தின் நட்டநடுவில், கீழே பூங்காவும் சுற்றிலும் அடுக்குமாடிகளுமாக இருக்கும் அந்த இடத்தில், பிள்ளை உள்ள குடும்பத்துக்குத்தான் வீடு என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்ல, "ஒரு பொண்ணு இருக்கா சார், ஆறு வயசு. அத்தை வீட்ல இருக்கா, வந்துடுவா" என்று கூசாமல் அடித்துவிட்டான். வயதில் பொய்யில்லை. இருந்திருந்தால் ஆறுதான். பிரசவ அறையில் துணியில் சுற்றிக் கொடுத்ததை, மூச்சில்லாத அந்தச் சின்னக் கனத்தை, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு மரத்துப்போனவள்தான். பல் வலித்தால்கூட வேறு யாருக்கோ வலிப்பதுபோல இருக்கும். கணவன் சொன்ன பொய் மட்டும் என்ன செய்துவிடப் போகிறது? வீடு கிடைத்தது, வந்தார்கள்.

பொய்க்குச் சோறு போட்டு வளர்த்தது அவள். பிள்ளைகள் நிறைந்த இடத்தில் பிள்ளையைப் பற்றித்தானே கேட்பார்கள். முடி நீளமா என்றார்கள். ரெட்டைப் பின்னல் என்றாள். டாக்டரம்மா தொழில் புத்தியில் பல்லைக் கேட்டார். முன்பல் விழுந்துவிட்டது என்றாள். செயலாளரின் மனைவி யார் ஜாடை என்று கேட்டதற்கு, மூக்கு அப்படியே அப்பா, மோவாயில் மட்டும் ஒரு மச்சம் என்றாள். எழுதுவது இடது கையில். கூச்ச சுபாவம், யாரிடமும் பேச மாட்டாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள், சொன்னதும் மறந்தாள்.

டாக்டரம்மா சொன்னதைக் கணவனிடம் சொன்னபோது அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, வேறு யார் பிள்ளையையோ பார்த்திருப்பார்கள், நமக்கு நல்லதாகப் போயிற்று, அப்படியே விட்டுவிடு என்றான். விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வேலை வீட்டிலிருந்தே. காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்கு சப்டைட்டில் போடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவு கிரீச்சிட்டால் கதவு கிரீச்சிடுகிறது என்றும் தூரத்தில் நாய் குரைத்தால் நாய் குரைக்கிறது என்றும் தட்டிக்கொண்டே இருப்பவளுக்கு, அந்த வாரம் முழுக்க, மழைக் காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் அடியோட்டமாக, எண்ணெய் காணாத ஊஞ்சல் சங்கிலி ஒன்று முன்னும் பின்னும் அரைபடும் சத்தம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினால் கீழே பிள்ளைகளின் கூச்சல்தான். ஊஞ்சல் இருந்த மூலையை மட்டும் ஒரு பெரிய மரம் மறைத்துக்கொண்டிருந்தது.

செயலாளரின் மனைவி, பெண் இடது கையால் பந்து எறியும் அழகைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உங்கள் பெண் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாளே என்று டாக்டரம்மா செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டில் காலி அறையில் ஈர மணல் வாசனை வந்தது. ஒருநாள் சாயங்காலம் கணவன் அந்த அறைத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான்.

விளக்கு போடும் நேரம் இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேன்.

"மேடம், பார்க்கைப் பூட்டணும். எல்லாப் பிள்ளைங்களும் போயிடுச்சு. உங்க பாப்பா மட்டும் தனியா உக்காந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்களேன்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று வார்த்தை. சொன்னால் வீடு போகும், போகட்டும். ஆனால் அந்த மூன்று வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் ஒவ்வொரு தடவை சொல்லித் தீர்த்திருந்தாள். இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

"இதோ வரேன்" என்றாள்.

லிஃப்ட். முன்வாசல். ஈரப் புல். பிஸ்கட் கவர் ஒன்று காற்றில் நகர்ந்தது. மரத்தைச் சுற்றிப் போனாள்.

ஊஞ்சல் ஆடவில்லை. அதில் முதுகைக் காட்டியபடி ஒரு பெண் குழந்தை. ரெட்டைப் பின்னல்.

ஓடிவிடலாம்.

"வா" என்றாள்.

குழந்தை இறங்கியது. திரும்பாமலே இடது கையை நீட்டியது. பிடித்தாள். சூடான கை. உயிருள்ள கை. அன்றைக்குத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து செத்துக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் அசைந்தது. சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

விளக்குக் கம்பத்தடியில் வாட்ச்மேன் சாவியோடு நின்றார். "குட்நைட் பாப்பா" என்றார் சிரித்து. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வெளிச்சத்தில் குழந்தை அண்ணாந்தது.

மோவாயில் மச்சம். முன்பல் இல்லாத சிரிப்பு. அவள் கணவனின் மூக்கு.

அதற்கு மேலே ஒன்றும் இல்லை. புருவத்திலிருந்து கன்னம் வரை வழவழவென்று வெறும் தோல்.

கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அன்றைக்குத் துணிக்குள் அது கண்ணைத் திறக்கவேயில்லை.

பின்னால் கேட் பூட்டும் சத்தம். குழந்தை அவள் விரல்களை இறுக்கிக்கொண்டது. யாரிடமும் பேசாத வாய் மெல்லத் திறந்தது.

"எனக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

குழந்தை கையை விடாமல், அந்த வெறும் தோலை அவள் பக்கம் உயர்த்தியபடி, பொறுமையாக நின்றது.