நுழைவுச்சீட்டு முகம்

மூக்கின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

தேர்வு மையத்தின் கீழ்த்தள வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தையும் நுழைவுச்சீட்டில் அச்சாகியிருக்கும் படத்தையும் ஒத்துப் பார்த்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஆள்மாறாட்டம் செய்ய வந்து, அவளிடம் மாட்டி, அழுதுகொண்டே திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்னால் கழுகக்கா, பின்னால் வெறும் கழுகு. இரண்டும் அவள் காதுக்கு வந்துவிடும். உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

அவளுடைய சூட்சுமம் எளிமையானது. விண்ணப்பத்தோடு கொடுக்கிற படம் பல மாதம் பழையது. அதற்குள் உயிருள்ள முகம் எங்கேயாவது கொஞ்சம் நகர்ந்திருக்கும். கன்னம் வற்றியிருக்கும், தாடி முளைத்திருக்கும், தூங்காமல் படித்துக் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். அதனால் அவள் முகத்தை அவ்வளவாக நம்பமாட்டாள், எத்தனை மாதமானாலும் மாறாத காதைப் பார்ப்பாள். மற்றதெல்லாம் படத்தைவிட்டுக் கொஞ்சம் விலகியிருந்தால்தான் அவளுக்கு மனசு சமாதானமாகும்.

எதிரே நின்ற பெண்ணிடம் விலகல் என்று எதுவுமே இல்லை. படத்தில் நெற்றியில் தனியாகப் பிரிந்து நின்ற ஒற்றை முடி இப்போதும் அதே இடத்தில் நின்றது. படத்தில் மடங்கியிருந்த காலர் அதே அளவுக்கு மடங்கியிருந்தது. சிரிக்கப்போய் பாதியில் வேண்டாம் என்று நிறுத்தியது போன்ற வாய். தலைக்கு நேர் மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்க, மூக்கின் நிழல் மட்டும் படத்தில் இருந்த மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவளிடமிருந்து ஒரு சூடான வாசனை வந்தது, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த காகிதத்தின் வாசனை.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பும்மா."

திரும்பினாள். நிழல் திரும்பவில்லை.

பக்கத்து மேசையில் கைரேகை எடுக்கிறவர் மெஷினை அவள் பக்கமாகக் காட்டினார். "பச்சை வந்துருச்சுக்கா, அனுப்புங்க. வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

மெஷின் பச்சை காட்டினால் தடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அனுப்பினாள்.

அன்றைக்கு மாடியில் அவளுடைய மகளும் தேர்வு எழுதினாள். சொந்தக்காரர் எழுதினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்தத் தளத்தின் பக்கமே போகக்கூடாது என்பது விதி. அவள் சொல்லிவிட்டாள், அதனால்தான் கீழ்த்தளம். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வயது வரம்பின்படி மகளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இத்தனை வருஷம் படித்துப் படித்துத் தேய்ந்துபோயிருந்தாள் பெண். காலையில் கண் வீங்கி, தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, காய்ச்சலில் இளைத்த உடம்போடுதான் கிளம்பினாள்.

வாசல் மூடியதும் கண்காணிப்புக்காக அவள் உள்ளே போனாள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் மழை பெய்கிறதா, பொழுது சாய்ந்துவிட்டதா என்று உள்ளேயிருந்து எதுவும் தெரியவில்லை. ஏசியின் முனகலும், வரிசை வரிசையாக மவுஸ்கள் தட்டும் சத்தமும், யாரோ அடக்கி அடக்கி இருமுவதும், திரைகளின் வெளிச்சத்தில் நீலம் பூத்த முகங்களும் மட்டும் அந்தக் கூடத்தை நிறைத்துக்கொண்டிருந்தன. வாசலில் பார்த்த அந்தப் பெண் நடுவரிசையில் இருந்தாள். கழுகு முன்பக்கம் நின்று பார்த்தபோது அவள் முகம் நேராகத் தெரிந்தது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். அப்போதும் நேராகத்தான் தெரிந்தது. கழுத்து அசையவில்லை. கை மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தது. கன்னமோ காதோ தனியாகக் கண்ணில் படவில்லை. எங்கிருந்து பார்த்தாலும் நம்மைப் பார்க்குமே சில படங்கள், அந்த மாதிரி.

பின்பக்கம் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இருமிக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார். சவரம் செய்யாத, கசங்கிய சட்டை போட்ட மனிதர். வாசலில் "தூங்கி நாளாச்சு மேடம்" என்று சிரித்தவர். பாத்ரூம் போகவேண்டும் என்றார். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். விட்டாள். திரும்பி வந்தபோது, வழக்கப்படி கதவருகே நிறுத்தி மறுபடியும் படத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

வழவழவென்று சவரம் செய்த முகம். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சூடான காகித வாசனை.

அவர் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இருமவே இல்லை.

இருமல் பாத்ரூம் பக்கத்திலிருந்து கேட்டது. அவள் நடைக்கு ஓடினாள். மூடியிருந்த கதவுக்குப் பின்னால் யாரோ அடக்கி அடக்கி இருமினார்கள், நடுநடுவே அழுதார்கள்.

"யாரு உள்ள?"

இருமல் நின்றது. கதவின் அடியிடுக்கில் இரண்டு கால்கள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

அவள் மையத் தலைவர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மெஷின் பச்சை காட்டுச்சா?"

"காட்டுச்சு சார். ஆனா அது அந்த ஆளுங்க இல்ல."

"நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆள்மாறாட்டம்னு எழுதிக் குடுங்க, இப்பவே நிறுத்திடறேன். ஆனா நிறுத்தினா இந்த மையம் முழுக்க ரத்து. மேலயும் சேர்த்துதான்." கொஞ்சம் தயங்கினார். "உங்க பொண்ணு மேலதானே எழுதறா?"

அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. மாடியில் ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம் கண்தான் கெட்டுவிட்டது, பெண் நிம்மதியாக எழுதி முடிக்கட்டும். பெற்ற மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது. "பரவால்ல சார், எனக்குத்தான் தலை சுத்துது போல," என்று திரும்பி வந்தாள்.

அதற்குள் இன்னும் சிலர் பாத்ரூம் போய் வந்திருந்தார்கள். நடுவரிசையில் நேராகத் தெரிந்த முகங்கள். ஓரத்திலும் நேராகத் தெரிந்த முகங்கள். யாரும் இமைக்கவில்லை. அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. வெளியே போனவர்களின் கணக்கு சரியாக இருந்தது. கூடங்களைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

படியின் கீழே காத்துக்கொண்டிருந்தாள். மகள் இறங்கி வந்தாள். கன்னம் பூசினாற்போல், கண்ணில் வீக்கமே இல்லாமல், காய்ச்சலுக்கு முந்திய அழகோடு வந்தாள். தலைமுடி பின்னாமல் தோளில் புரண்டது.

பரீட்சை முடிந்த நிம்மதி, அதனால்தான் முகம் தெளிந்திருக்கிறது. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவள், இந்த ஒரு முகத்தை மட்டும் ஒத்துப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கதகதப்பாக இருந்தது.

"நல்லா எழுதினியா பாப்பா?"

தலை அசைந்தது.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாளா, தன்னைப் பார்த்துக்கொண்டு வந்தாளா என்று அம்மா கடைசிவரை கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டாம் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது போன் அடித்தது. மையத்துக் காவலாளி.

"அக்கா, மேல கூடத்துல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. பூட்டுறப்போ எப்படிப் பாக்காம விட்டாங்கன்னு தெரியல. சாவி சார்கிட்ட இருக்கு, கதவுக் கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுத்தான் பாத்தேன். உங்க பொண்ணுன்னு சொல்லுது. உங்க நம்பர் அதுதான் குடுத்துச்சு."

அவள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

"முகத்தப் பாத்தீங்களாண்ணே?"

"ரெண்டு கையாலயும் மூடிட்டிருக்குக்கா. எடுன்னா எடுக்க மாட்டேங்குது. இருங்க, போனைக் கதவு இடுக்குல வைக்கறேன்."

கரகரப்பு. மூச்சு. பிறகு அழுகையோடு அந்தக் குரல், காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் அவளைக் கூப்பிட்ட குரல்.

"அம்மா. நான் இங்கதாம்மா இருக்கேன். யாரக் கூட்டிட்டுப் போன?"

கழுத்தின் பக்கத்தில் சூடான காகித வாசனை. எப்போது வந்து நின்றது என்று தெரியவில்லை. அவள் தோளுக்கு மேலாக நீண்டு, போனின் இன்னொரு பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சே விடவில்லை.

"அம்மா, சொல்லும்மா."

வாயைத் திறந்தாள். தோளின் மேல் ஒரு கை மெதுவாக விழுந்தது. பயம். வேறு எதுவுமே அவளிடம் மிச்சமில்லை.

"என் பொண்ணு," என்றாள், "வீட்டுலதான் இருக்கா."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"அக்கா," என்றார் காவலாளி தூரத்திலிருந்து. "அக்கா, கைய எடுக்குது. ஐயோ, முகம் இருக்கவேண்டிய எடத்துல..." அதற்கப்புறம் டார்ச் விழுந்து உருளும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

அவள் போனைக் கீழே வைத்தாள். தோளில் ஒரு கன்னம் வந்து சாய்ந்தது.

"பசிக்குதும்மா," என்றது.

அவள் கை தானாக எழுந்து அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தது. பிறகு அடுப்படிக்குப் போய் அதற்கு மட்டும் ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.