பிரேக் இல்லாத பைக்

தினமும் காலையில் சேசுராஜின் உருப்பதிலி தூத்துக்குடிக்குக் கூப்பிட்டு, அவன் அம்மா லூர்தம்மாளிடம் சற்று நேரம் பேசிவிடும். அவன் முகம், அவன் குரல், அவன் சிரிப்பு எல்லாம் அந்த மென்பொருளுக்கு அத்துப்படி. நிலாவில் காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏ.சி. அறை வேலை என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்தது. அந்த நேரத்தில் நிஜ சேசுராஜ், அதே நிலாவில், காற்றடைத்த கூண்டரங்கின் மண் தடத்தில், பிரேக்கே இல்லாத பைக்கைச் சாய்த்து வளைத்துக்கொண்டிருப்பான். மூன்று முறை நிலாக் கோப்பை வென்றவன்.

இன்று நான்காவது இறுதிப் போட்டி. முதுகெலும்புக்குள் பதித்திருந்த சில்லு காலையிலேயே எச்சரித்துவிட்டது: இன்னொரு முறை விழுந்தால் கால் வராது. அம்மாவிடம் உண்மையைப் படுத்துக்கொண்டு சொல்வதைவிட நின்றுகொண்டு சொல்லிவிடலாம் என்று பட்டது. பதிலியை அணைத்துவிட்டுத் தானே கூப்பிட்டான்.

"அம்மா, நான் ஆபீஸ்ல இல்ல. பைக் ரேஸ் ஓட்டுறேன். இன்னைக்கு விழுந்தா நடக்க மாட்டேன்."

குரல் பூமிக்குப் போய்வர மூன்று விநாடி. அம்மா சிரித்தாள்.

"சரி ராசா. ஏ.சி.யிலயே கெடக்காத, சளி புடிக்கும்."

மறுபடி சொன்னான். அதே சிரிப்பு, அதே சளி.

இது அம்மா இல்லை. அப்படியானால் அம்மா? தங்கை பெனிட்டாவைக் கூப்பிட்டான்.

"அம்மா எங்கட்டி? இருக்கா இல்லையா? உண்மையச் சொல்லு!"

பதில் வருவதற்குள் வெளியே போட்டியின் முதல் மணி அடித்தது.

"கத்தாதண்ணே. டிவி முன்னால ஜெபமாலையோட உக்காந்திருக்கு. உன் ரேஸ் ஒண்ணு விடாம பாக்கும். நீ பொய் சொல்ற மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன்னு அதுவும் ஒரு பதிலி வாங்கிப் போட்டுட்டு. வருசம் அஞ்சாச்சு."

ஐந்து வருடமாக இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று தேற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

பெனிட்டா திரையைத் திருப்பினாள். நிஜ லூர்தம்மாள் முழுக்க நரைத்திருந்தாள். பதிலிக்கு யாரும் வயதைக் கூட்டியிருக்கவில்லை.

"ஏல, களவாணிப் பயலே," என்றாள். "இனி நமக்குள்ள பொய் வேண்டாம்ல. போன வாரம் விழுந்தியே, முதுகு எப்படி இருக்கு?"

நடுவில் இப்போது இயந்திரம் எதுவும் இல்லை. இரண்டாம் மணி அடித்தது. சேசுராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"லேசான சுளுக்கும்மா. அதெல்லாம் போயிட்டு. நீ எப்படி இருக்க?"

"எனக்கென்னல, கல்லு மாதிரி இருக்கேன்," என்றாள் லூர்தம்மாள், குழாய் வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை மெல்லத் திரைக்கு வெளியே நகர்த்தியபடி.